வயலில் குறைந்த உழைப்பு, தட்டில் குறைந்த நார்

‘அறுவடை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்.’ மலத்தில் இரத்தம் கண்ட விவசாயி பெரும்பாலும் முதலில் சொல்வது இதைத்தான். வெயிலில் நின்ற சூடு, மூலம், காரம் கூடிப்போனது என்று அவரே ஒரு காரணமும் சொல்லிக்கொள்வார். சந்தைக்குப் போகும் வழியில் ஒரு லேகியம் வாங்குவார். சில நாள் இரத்தம் நிற்கும், பிறகு மீண்டும் வரும். சம்பா போய்க் குறுவை வந்து, உடல் இளைத்து, மண்வெட்டி பிடிக்கத் தெம்பில்லாத நிலையில்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார். பலருக்கு அது மூலமாகவே இருக்கும். சிலருக்குப் பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோயாக இருக்கும்.

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் உலகில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. புற்றுநோய் இறப்புகளில் இரண்டாவது. 2022-இல் உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் பேருக்குப் புதிதாக வந்தது, சுமார் 9 லட்சம் பேர் இறந்தனர். மேற்கு நாடுகளோடு ஒப்பிட்டால் மக்கள்தொகை விகிதத்தில் இந்தியாவில் இந்நோய் இன்னும் பல மடங்கு குறைவு. இருந்தாலும் ஆண்டுக்கு 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இங்கே பிடிக்கிறது. மேற்கு நாடுகளைவிட இளம் வயதில் வருவதும், முற்றிய பிறகே கண்டறியப்படுவதும் நம் நாட்டு மருத்துவர்கள் தொடர்ந்து சொல்லிவரும் இரண்டு கவலைகள்.

வேளாண் பக்கத்தில் இதை எழுதக் காரணம் இருக்கிறது. இந்நோயின் அபாயத்தைக் கூட்டுவதாகவும் குறைப்பதாகவும் கண்டறியப்பட்டவற்றில் முக்கியமானவை நார்ச்சத்து, உடலுழைப்பு, உடல் எடை, மது, புகையிலை, இறைச்சி, பால். இவற்றில் பாதி நம் வயலிலும் தொழுவத்திலும் இருக்கின்றன.

இரண்டு வாரத்தில் மாறிய குடல்

டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர் உகாண்டாவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். மேற்கு நாடுகளில் சர்வசாதாரணமாக இருந்த பெருங்குடல் புற்றுநோய், ஆப்பிரிக்கக் கிராமங்களில் அரிதாக இருப்பதைக் கவனித்தார். அங்கே உணவில் நார் மிகுதி, இங்கே குறைவு என்பதுதான் வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கலாம் என்று 1971-இல் எழுதினார்.

அந்தக் கருத்தை நேரடியாகச் சோதித்த ஆய்வு 2015-இல் வெளியானது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியைச் சேர்ந்த 20 கறுப்பின மக்களும், தென்னாப்பிரிக்கக் கிராமப்புறத்தைச் சேர்ந்த 20 பேரும் இரண்டு வாரங்களுக்கு உணவை மாற்றிக்கொண்டனர். அமெரிக்கர்களுக்கு மக்காச்சோளம், பயறு என்று நார் மிகுந்த, கொழுப்பு குறைந்த உணவு. அவர்களுடைய நார் அளவு நாளொன்றுக்குச் சுமார் 14 கிராமிலிருந்து 55 கிராமாக ஏறியது. தென்னாப்பிரிக்கர்களுக்கு இறைச்சியும் பொரியலும் கூடிய உணவு. அவர்களுடைய நார் 66 கிராமிலிருந்து 12 கிராமாக இறங்கியது.

இரண்டே வாரத்தில் குடலின் உட்சுவரில் மாற்றம் தெரிந்தது. நாரைத் தின்னும் நல்ல நுண்ணுயிரிகள் பியூட்ரேட் என்ற பொருளை உண்டாக்குகின்றன. குடல் உட்சுவர்ச் செல்களுக்கு அதுதான் தீனி. அமெரிக்கர்களிடம் அது இரண்டரை மடங்கு கூடியது, தென்னாப்பிரிக்கர்களிடம் பாதியாகக் குறைந்தது. அழற்சியின் அறிகுறிகளும், செல்கள் பெருகும் வேகமும் அதற்கேற்பவே மாறின. மண்ணில் தொழுவுரம் போட்டால் மண்புழு பெருகுவதும், நிறுத்தினால் மறைவதும் போலத்தான் இதுவும்.

இரண்டு வாரத்தில் யாருக்கும் புற்றுநோய் வந்துவிடவில்லை, யாருக்கும் குணமாகிவிடவும் இல்லை. குடலின் சூழல் உணவுக்கு எவ்வளவு வேகமாக ஆட்படுகிறது என்பதையே இந்த ஆய்வு காட்டியது. குடலில் தோன்றும் சிறு கட்டி புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் அளவுக்கு ஆகும். ஆண்டாண்டாக நாம் என்ன சாப்பிடுகிறோம் என்பதே கணக்கு.

தட்டுக்கு முன்பே மாறியது வயல்

நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார் சுமார் 2.8 கிராம். கம்பில் 11.5, கேழ்வரகில் 11.2, சோளத்தில் 10.2, சாமையில் 7.7, வரகில் 6.4 கிராம். முழுப் பச்சைப் பயறில் 17 கிராம், முழுக் கொண்டைக்கடலையில் 25 கிராம். மைதாவில் 2.8 கிராம்தான்.

நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு 30 கிராம் நார் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பரிந்துரை. கடுமையாக உழைத்து அதிகம் உண்பவருக்கு இன்னும் கூடுதல் தேவை. தினம் 400 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிடுபவருக்கு அதிலிருந்து கிடைப்பது 11 கிராம். மீதியைக் காயும் கீரையும் பயறும் ஈடுகட்ட வேண்டும். சோறும் தண்ணீரான சாம்பாரும் ஓர் அப்பளமும் என்றால் ஈடுகட்ட வழியில்லை.

இது விவசாயியின் சோம்பலால் வந்த நிலை அல்ல. வயல் முதலில் மாறியது. பெரம்பலூர்ப் பக்கம் போனால் சோளமும் கம்பும் நின்ற மானாவாரி நிலங்களில் மக்காச்சோளத்தையும் பருத்தியையும் பார்க்கலாம். அந்த மக்காச்சோளத்தின் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. கிணறும் ஆழ்துளையும் வந்த இடங்களில் நெல், கரும்பு, வாழை வந்தன. வீட்டுக் குதிரிலிருந்து கம்பு மறைந்தபோது தட்டிலிருந்தும் மறைந்தது. குத்தவும் புடைக்கவும் நேரமில்லாத பெண்களிடம் போய், பழைய உணவுக்குத் திரும்புங்கள் என்று உபதேசம் செய்வதில் நியாயமும் இல்லை.

அரசின் பங்கும் இதில் உண்டு. 2011 முதல் தமிழ்நாட்டு நியாய விலைக் கடைகளில் அரிசி இலவசம். பசியை விரட்டியதில் அதன் பங்கு பெரிது, அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் இலவச அரிசி, உணவுக் கணக்கையே மாற்றிவிட்டது. 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை கேழ்வரகுக்குக் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய், சாதாரண ரக நெல்லுக்கு 2,369 ரூபாய். கிலோ ஏறத்தாழ 49 ரூபாய்க்கு விற்கும் கேழ்வரகை விளைவித்தவர், அதை விற்றுவிட்டு ரேஷன் அரிசியைச் சமைக்கிறார். வரவு செலவுக் கணக்குப்படி அவர் செய்வது சரி. உடலின் கணக்கு வேறு.

நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 முதல் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு பெறும் வசதி ரேஷன் கடைகளில் வந்தது. இலவச அரிசிக்கும் விலை கொடுத்து வாங்கும் கேழ்வரகுக்கும் இடையே விழுந்த பள்ளத்தை நிரப்ப இதுபோன்ற ஏற்பாடுதான் உதவும். விரும்புகிற குடும்பங்களுக்கு, அந்தந்த வட்டாரத்தில் விளையும் தானியத்தை இதே முறையில் கொடுப்பதை மற்ற மாவட்டங்களும் கேட்கலாம். விளைவிப்பவருக்கு உறுதியான கொள்முதல், உண்பவருக்கு நார். ஒரே செலவில் இரண்டு பயன்.

இடைவெளியைச் சந்தை வேறு விதமாக நிரப்பிவிட்டது. 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், இந்தியக் கிராமக் குடும்பங்கள் செலவிடும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஏறத்தாழ 10 ரூபாய் பானங்களுக்கும் பதப்படுத்திய உணவுகளுக்கும் போகிறது. உணவுச் செலவில் இதுதான் மிகப் பெரிய இனம். களத்துமேட்டில் கூழ்ப்பானை இருந்த இடத்தில் இப்போது பரோட்டாப் பொட்டலமும் குளிர்பானப் பாட்டிலும் இருப்பதை யாரும் கணக்கெடுப்பு நடத்தித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

விவசாயிக்கு உடற்பயிற்சி எதற்கு?

உழைக்கிற உடம்புக்கு நோய் வராது என்பது ஊரில் பழகிய நம்பிக்கை. அதில் பாதி உண்மை இருக்கிறது. உடலுழைப்பு உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைவு என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. ஆனால் இன்று அந்த உழைப்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது? உழவு டிராக்டரில், நடவு இயந்திரத்தில், அறுப்பு கதிரடிக்கும் இயந்திரத்தில். மோட்டாரை வீட்டுத் திண்ணையிலிருந்து செல்போனில் போடுகிறோம். வயலுக்குப் போவது பைக்கில். நிலம் வைத்திருப்பவர் பலருக்கு இது மேற்பார்வைத் தொழிலாகிவிட்டது.

இயந்திரம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆள் கிடைக்காத காலத்தில் அதுதான் விவசாயத்தைக் காப்பாற்றுகிறது. உழைப்பு குறைந்தும் தட்டு குறையவில்லை என்பதே சிக்கல். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதத்தினரும், ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடை கொண்டவர்கள். தொப்பையும் சர்க்கரை நோயும் குடல் புற்றுநோயின் அபாயத்தைக் கூட்டுபவை.

2025 ஜூனில் வெளியான ஓர் ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்தது அது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் மருந்து சிகிச்சையும் முடித்த 889 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு மூன்று ஆண்டுகள் பயிற்சியாளரின் மேற்பார்வையில் உடற்பயிற்சி, மற்றதற்கு அறிவுரைக் கையேடு மட்டும். எட்டு ஆண்டு முடிவில் பயிற்சிப் பிரிவில் 90 சதவீதத்தினர் உயிருடன் இருந்தனர், மற்றப் பிரிவில் 83 சதவீதத்தினர். பலருக்கும் அந்தப் பயிற்சி வேகநடைதான். நோய் வந்து சிகிச்சை முடித்தவரை, ‘ஓய்வெடு, அசையாதே’ என்று கட்டிலில் உட்கார வைப்பது நம் வழக்கம். மருத்துவர் அனுமதித்த பிறகு அவரை நடக்கவிடுவதே அன்பு.

வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். வயல் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் பைக்கை வீட்டில் விட்டுவிட்டு நடந்தாலே வாரக் கணக்கு முடிந்துவிடும்.

மது, புகையிலை, இறைச்சி, பால்

மது புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அறிவித்தது 1988-இல். குடல் புற்றுநோயும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சாராயம், பீர், ஒயின் என்று வேறுபாடு இல்லை, அளவு கூடக் கூட அபாயம் கூடும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. உடல்வலி தீர இரவில் ஒரு குவார்ட்டர் என்பது வயல் வேலையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். வலி மறுநாளும் இருக்கிறது, குடலுக்கு ஏற்பட்ட சேதம் அதன் மேல் சேர்கிறது. பீடி, சிகரெட்டுக்கும் இந்நோயில் பங்கு உண்டு.

இறைச்சி விஷயத்தில் பதற்றம் வேண்டாம். அதே முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவும், ஆடு, மாடு, பன்றி போன்ற சிவப்பு இறைச்சியை ‘உண்டாக்கக் கூடும்’ என்ற பிரிவிலும் வைத்தது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பவருக்கு அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்பது அதன் கணிப்பு. வாரம் ஒருநாள் குழம்புக் கறி சாப்பிடும் குடும்பம் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. சாசேஜ், சலாமி போன்றவை பிள்ளைகளின் அன்றாடப் பழக்கமாகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பிரிட்டனில் 5 லட்சத்து 42 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு 2025 ஜனவரியில் வெளியானது. நாளொன்றுக்கு ஒரு பெரிய டம்ளர் பாலில் உள்ள அளவு கால்சியம் கூடுதலாக உண்பவர்களுக்கு இந்நோய் 17 சதவீதம் குறைவாக இருந்தது. கறந்ததையெல்லாம் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வீட்டுக்குப் பாக்கெட் பால்கூட வாங்காத குடும்பங்கள் யோசிக்க வேண்டிய செய்தி இது. தயிரும் மோரும் கால்சியம் தருபவைதாம்.

பூச்சிமருந்துதான் காரணமா?

எந்தக் கூட்டத்தில் புற்றுநோய் பற்றிப் பேசினாலும் எழும் கேள்வி இது. அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் மருந்தடிக்க உரிமம் பெற்றவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 89 ஆயிரம் பேரை 1993 முதல் தொடர்ந்து ஆராய்கிறார்கள். 2007-இல் அந்த ஆய்வு 50 மருந்துகளைக் குடல் புற்றுநோயோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பெரும்பாலானவற்றுக்குத் தொடர்பு தெரியவில்லை. குளோர்பைரிபாஸுக்கு மலக்குடல் புற்றுநோயோடும், ஆல்டிகார்புக்குப் பெருங்குடல் புற்றுநோயோடும் தொடர்பு இருப்பதற்கான அறிகுறி தெரிந்தது. ஆல்டிகார்ப் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. குளோர்பைரிபாஸை உலக அளவில் ஒழிக்க வேண்டிய நச்சுகளின் பட்டியலில், சில விலக்குகளோடு, 2025-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் சேர்த்தன.

கையுறை, முகக்கவசம் இல்லாமல் மருந்தடிப்பதற்கு இது சமாதானம் ஆகாது. வேறு பல நோய்களுக்கும் உடனடி நஞ்சேற்றத்துக்கும் அதுவே வழி. ஆனால் குடல் புற்றுநோயைப் பொறுத்தவரை பழி முழுவதையும் மருந்துக் கடைமேல் போட்டுவிட்டு, மதுவையும் எடையையும் நாரையும் மறந்துவிடுவது நமக்குத்தான் நட்டம்.

மிகைப்படுத்தவும் வேண்டாம்

சிறுதானியம் சாப்பிட்டால் புற்றுநோய் வராது என்று பாக்கெட்டில் அச்சடித்து விற்கிறார்கள். அப்படி எந்த ஆய்வும் நிறுவவில்லை. நார் கூடுதலாக உண்பவர்களிடம் நோய் குறைவு என்பது பெரிய ஆய்வுகளின் தொகுப்பில் தெரிகிறது: நாளொன்றுக்கு 10 கிராம் நார் கூடினால் அபாயம் சுமார் 10 சதவீதம் குறைவு. அதே சமயம், குடலில் கட்டி அகற்றப்பட்டவர்களுக்கு நார் மிகுந்த உணவு கொடுத்துச் சில ஆண்டுகள் பார்த்த இரண்டு அமெரிக்கச் சோதனைகளில் கட்டி மீண்டும் வருவது குறையவில்லை என்று 2000-இல் முடிவு வந்தது. இடையில் சில ஆண்டுகள் மட்டும் மாற்றிக்கொள்வதால் பெரிய பலன் இல்லாமல் போகலாம். சின்ன வயதிலிருந்து பழக்கமாக இருப்பதே நம்பத்தக்க வழி.

இன்னொன்று: சாமை, வரகு, தினை என்று கடையில் விற்பவை பல இடங்களில் வெள்ளை வெளேரென்று தீட்டப்பட்டவை. நார் தவிட்டோடு போய்விடுகிறது. மில்லுக்குக் கொண்டுபோகிறவர்கள் உமியை மட்டும் நீக்கச் சொல்லி, பாலிஷ் வேண்டாம் என்று கேட்க வேண்டும். கேழ்வரகு மாவைச் சலிக்காமல் பயன்படுத்த வேண்டும்.

கணக்கு எளிது. 400 கிராம் அரிசியில் 150 கிராமைக் குறைத்து அதே அளவு கம்பு சேர்த்தால் நார் 11 கிராமிலிருந்து 24 கிராமாகிறது. 50 கிராம் முழுப் பச்சைப் பயறு சுண்டலாகச் சேர்ந்தால் 32 கிராமைத் தாண்டுகிறது. கீரையும் அவரையும் முருங்கைக்காயும் அதற்கு மேல். இதற்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம். வரப்பில் உளுந்தும் பயறும், வீட்டுக்கென்று பத்து சென்டில் கம்போ கேழ்வரகோ, கிணற்றடியில் நான்கு பாத்தி கீரை. தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் காய்கறி விதைத் தளைகளையும் வாங்கிக்கொள்ளலாம். விளைந்ததில் வீட்டுக்கு முதல் மூட்டை, மீதி சந்தைக்கு என்ற பழைய முறையைத் திரும்பக் கொண்டுவந்தால் போதும்.

களப்பணியாளர்கள் செய்யக்கூடியது

அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கான பரிசோதனை இருக்கிறது. குடல் புற்றுநோய் அதில் இல்லை. அமெரிக்காவில் 45 வயதிலிருந்தே எல்லோருக்கும் இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறார்கள். நோய் விகிதம் குறைவாக உள்ள நாட்டில் அனைவருக்கும் செய்வது இப்போதைக்கு இயலாமல் இருக்கலாம். ஆனால் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவப் பணியாளர், ‘மலத்தில் இரத்தம் போகிறதா?’ என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கச் செலவில்லை.

வேளாண் அலுவலர்களும், வேளாண் அறிவியல் நிலையங்களின் மனையியல் வல்லுநர்களும் பயிற்சிக் கூட்டங்களில் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்ல வேண்டிய அறிகுறிகள் இவை: மலத்தில் இரத்தம், மலம் கழிக்கும் பழக்கத்தில் சில வாரங்களாக நீடிக்கும் மாற்றம், போய்வந்த பிறகும் முழுதாகப் போகாத உணர்வு, காரணமில்லாத எடைக்குறைவு, தீராத வயிற்றுவலி, இரத்தசோகை. குறிப்பாக ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரத்தசோகை இருந்தால் சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவதோடு நிற்காமல், குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்காவது இந்நோய் இருந்தால் அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மூலமா, புற்றுநோயா என்பது வெளியிலிருந்து பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. மருத்துவர் விரலால் செய்யும் சோதனையும், தேவைப்பட்டால் கொலனோஸ்கோப்பியும்தான் சொல்லும். அந்தக் கருவியால் கட்டியைப் புற்றாகும் முன்பே அகற்றிவிடவும் முடியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேட்டுப் பார்க்கலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை வசதி உண்டு. அந்த அட்டை வீட்டில் இருக்கிறதா என்பதை நோய் வருவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நோய் குடலோடு நிற்கும்போதே கண்டறியப்பட்டவர்களில் 10 பேரில் ஏறத்தாழ 9 பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள், வேறு உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால் 10 பேரில் 2 பேர்கூட இல்லை என்கிறது அமெரிக்கப் புள்ளிவிவரம். இலை மஞ்சளித்தால் மறுநாளே செடியைப் பிடுங்கிக்கொண்டு வேளாண் அலுவலரிடம் ஓடுகிறோம். நம் உடம்பில் இரத்தம் கண்டால் மட்டும் அறுவடை முடியட்டும் என்கிறோம். அறுவடைக்கு இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும். அதைப் பார்க்க ஆள் இருக்க வேண்டும்.